வால்கிரிண்ட்: சோர்ஸிலிருந்து கட்டி, ஓட்டி, அறிக்கையைப் படிப்பது வரை

முருகன் என்ற பெயரில் எத்தனை எழுத்து? நம் கண்ணுக்கு நான்கு. எழுத்தைக் கணினி பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கணக்கில் 21 பைட். ம, உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சி மொழியில் சரம் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய பைட்டையும் சேர்த்தால் 22.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ரசீது அடிக்கும் பழைய சி புரோகிராம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் பெயர் தட்டிய வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தமிழில் தட்ட ஆரம்பித்ததும் சில பெயர்களுக்கு ஒழுங்காக ஓடும், சில பெயர்களுக்கு விழுந்துவிடும். விழுந்த இடமோ பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரி. இரண்டு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெமரித் தப்புகளைப் பிடிக்கும் வால்கிரிண்ட் என்ற கருவியில் ஓட்டியபோது சில நிமிடத்தில் உண்மையான வரி தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து சி, சி++ எழுதும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்கிறேன்: வால்கிரிண்டை ஒரு முறையாவது சோர்ஸிலிருந்து கட்டிப் பாருங்கள். அதன் அறிக்கையை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் இங்கே செய்துவிடலாம்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன். கோடு, புள்ளி, சமக்குறி எல்லாம் இங்கே உள்ளபடியே.

உள்ளே என்ன நடக்கிறது

வால்கிரிண்ட் செய்வது டைனமிக் இன்ஸ்ட்ருமென்டேஷன். அப்படி என்றால், ஒரு புரோகிராம் ஓடும்போதே அதற்குள் கண்காணிப்பு வேலையைச் செருகுவது. சோர்ஸைத் தொட வேண்டாம், மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம். வால்கிரிண்டை உருவாக்கியவர் ஜூலியன் சீவர்ட். முதல் வெளியீடு 2002-இல் வந்தது. நார்ஸ் புராணத்தில் வல்ஹல்லா மண்டபத்து வாசலின் பெயர் இது. மாவரைக்கும் கிரைண்டர் மாதிரி 'கிரைண்ட்' என்று சொல்லக் கூடாது, 'கிரிண்ட்' என்பதே சரி.

வால்கிரிண்டுக்குள் ஓடும் புரோகிராமின் அசல் மெஷின் கட்டளை ஒன்றுகூட நேரடியாக ப்ராசசருக்குப் போவதில்லை. வால்கிரிண்ட் அதைச் சிறு துண்டு துண்டாக எடுத்து, வெக்ஸ் என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றும். அந்த வடிவத்தில், வால்கிரிண்டோடு வரும் கருவிகளில் நாம் தேர்ந்தெடுத்தது தன் சோதனைகளை நடுநடுவே சேர்க்கும். அப்புறம் அது மறுபடி மெஷின் கட்டளையாகி ஓடும். மாற்றிய துண்டைச் சேமித்து வைப்பதால் அடுத்த முறை அதே துண்டு வந்தால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை.

எல்லோரும் முதலில் பயன்படுத்தும் கருவி மெம்செக். புரோகிராம் தொடும் ஒவ்வொரு பைட்டுக்கும் 'இதைத் தொட அனுமதி உண்டா' என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும். ஒவ்வொரு பிட்டுக்கும் 'இதில் யாராவது மதிப்பு போட்டார்களா' என்று இன்னொரு குறிப்பு. இவ்வளவு கணக்கும் இலவசமாக வராது: புரோகிராம் 20 முதல் 30 மடங்கு மெதுவாகும். ஐந்து விநாடி வேலை இரண்டு நிமிடம் ஆனால் பதற வேண்டாம்.

இது லினக்ஸின் கருவி. இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் 64-பிட் ப்ராசசர்களில் நன்றாக ஓடும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் வைத்து ஓட்டலாம். புதிய ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்கள் அதில் நேரடியாகக் கட்ட மல்லுக்கட்டாமல் ஒரு லினக்ஸ் கன்டெய்னரைத் திறந்துகொள்வது நல்லது.

சுருக்கு வழி

உபுண்டு அல்லது டெபியன் என்றால் ஒரே வரி:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வால்கிரிண்ட் லிப்சி6-டிபிஜி

பலரும் அந்த இரண்டாவது பொட்டலத்தை (பேக்கேஜை) விட்டுவிடுகிறார்கள். 'டிபிஜி' என்பது டீபக் என்பதன் சுருக்கம். மெம்செக் சி நூலகத்தின் ஸ்ட்ர்லென் போன்ற சில ஃபங்ஷன்களுக்குப் பதில் தன்னுடையதை வைக்கிறது. அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய நூலகத்தின் சிம்பல் பட்டியல், அதாவது ஃபங்ஷன் பெயர்களும் அவற்றின் இடங்களும், வேண்டும். அது இல்லாவிட்டால், கட்டாயமான ஃபங்ஷன் மாற்றத்தைச் செய்ய முடியவில்லை என்று நீளமாக ஒரு செய்தி போட்டு, தொடங்கும்போதே நின்றுவிடும். உங்கள் புரோகிராமில் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொட்டலத்தைப் போட்டால் சரியாகிவிடும். ஆர்ச் லினக்ஸ் போன்றவற்றில் டீபக் தகவலை இணையத்திலிருந்தே இழுத்துத் தரும் டீபக்இன்ஃபோடி வசதி இதே வேலையைச் செய்யும். 3.17 பதிப்பிலிருந்து வால்கிரிண்ட் அதைப் புரிந்துகொள்கிறது.

அப்புறம் எதற்காக நாமே கட்ட வேண்டும்? பொட்டலத்தில் வரும் பதிப்பு பெரும்பாலும் பழையது, கம்பைலரோ புதியது. ஜிசிசி கம்பைலரின் 11-ஆம் பதிப்பு வந்தபோது டீபக் தகவலை டுவார்ஃப் 5 வடிவத்தில் எழுத ஆரம்பித்தது. அதைப் படிக்கும் திறமை வால்கிரிண்டுக்கு 2021 மார்ச்சில் வந்த 3.17-இல்தான் சேர்ந்தது. பழைய வால்கிரிண்டும் புதிய ஜிசிசியும் ஒரே கணினியில் சேர்ந்தால் அறிக்கையில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் ஒழுங்காக வராது. வரி எண் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சோர்ஸிலிருந்து கட்டுவது

முதலில் தேவையானவை:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் ஆட்டோகான்ஃப் ஆட்டோமேக் கிட்

32-பிட் புரோகிராம்களையும் சோதிப்பவர்கள் ஜிசிசி-மல்டிலிப் பொட்டலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம்.

சோர்ஸ் இரண்டு விதமாகக் கிடைக்கும். வால்கிரிண்ட் டாட் ஆர்க் தளத்தில் வெளியீடுகள் டார் டாட் பிஇசட்2 கோப்பாக இருக்கும். (அந்த பிஇசட்2 சுருக்கும் முறையான பிசிப்2-ஐ எழுதியவரும் இதே சீவர்ட்தான்.) அன்றன்றைய நிலை வேண்டுமென்றால் சோர்ஸ்வேர் டாட் ஆர்க்கில் உள்ள கிட் களஞ்சியத்தை க்ளோன் செய்யலாம். முதல் தடவை கட்டுபவர்கள் வெளியீட்டுக் கோப்பையே எடுங்கள். கிட்டிலிருந்து எடுத்தால் மட்டும் அடைவுக்குள் போய் முதலில் இதை ஓட்ட வேண்டும்:

./ஆட்டோஜென்.எஸ்எச்

இதுதான் கான்ஃபிகர் கோப்பை உண்டாக்குகிறது. வெளியீட்டுக் கோப்பில் அது ஏற்கெனவே இருக்கும். அடுத்து:

./கான்ஃபிகர் --ப்ரீஃபிக்ஸ்=$ஹோம்/விஜி

ஹோம் மட்டும் பெரிய எழுத்து. ப்ரீஃபிக்ஸ் தராவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய் உட்காரும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். சொந்த அடைவுக்குள் வைத்துக்கொண்டால் பொட்டலத்தில் வந்ததோடு மோதாது, வேண்டாம் என்றால் அடைவை அழித்துவிட்டுப் போகலாம். ஒரே எச்சரிக்கை: இன்ஸ்டால் ஆன பிறகு அந்த அடைவை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். ப்ரீஃபிக்ஸில் கொடுத்த பாதை பைனரிக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. நகர்த்தினால் தன் கருவிகளைத் தானே கண்டுபிடிக்காது.

கான்ஃபிகர் முடிவில் ஒரு சுருக்கம் அச்சாகும். அதில் முதன்மைத் தளம் எது, இரண்டாம் தளம் எது என்று இருக்கும். இன்டெல் 64-பிட்டில் இரண்டாம் தளமாக 32-பிட்டையும் சேர்த்துக் கட்டப் பார்க்கும். வேண்டாம் என்றால் --எனேபிள்-ஒன்லி64பிட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், நேரம் மிச்சம்.

மேக் -ஜே4

நான்கு கோர் இருந்தால் 4, எட்டு இருந்தால் 8. முடிந்ததும் இன்ஸ்டால் செய்யாமலே சோதித்துப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் அங்கேயே இருக்கிறது:

./விஜி-இன்-பிளேஸ் எல்எஸ் -எல்

கோப்புப் பட்டியல் மெதுவாக வந்து, கடைசியில் பிழைகள் பூஜ்யம் என்று சொன்னால் எல்லாம் நலம். இதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. நூலகச் சிம்பல் பிரச்சினை இருந்தால் இங்கேயே வெளியே வந்துவிடும். இன்னும் ஆழமாகச் சோதிக்க 'மேக் செக்' சோதனைப் புரோகிராம்களைக் கட்டும், 'மேக் ரெக்டெஸ்ட்' அவற்றை ஓட்டும். சில சோதனைகள் தோற்பது சகஜம், உங்கள் கர்னலும் நூலகமும் சோதனை எழுதியவருடையதிலிருந்து மாறுபட்டிருக்கும்.

மேக் இன்ஸ்டால்

அப்புறம் விஜி அடைவுக்குள் 'பின்' என்ற பெயரில் உள்ள அடைவை பாத் மாறியின் முன்பக்கம் சேருங்கள். புதிய டெர்மினலில் வால்கிரிண்ட் --வெர்ஷன் தட்டி, நீங்கள் கட்டிய எண்தான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்: முருகனும் கிருஷ்ணமூர்த்தியும்

சோதனை.சி என்று ஒரு கோப்பு எழுதுவோம். அதில் 'பிரதி' என்று ஒரு ஃபங்ஷன். மால்லாக் மூலம் 20 பைட் வாங்கி, வந்த பெயரை ஸ்ட்ர்காப்பியால் அதற்குள் நகலெடுத்து, பிரிண்ட்எஃப்பால் அச்சிட்டுத் திரும்பும். வாங்கிய மெமரியை ஃப்ரீ செய்யாது, அதாவது திருப்பித் தராது. மெயின், கட்டளை வரியில் வரும் பெயரை அதற்கு அனுப்பும்.

ஜிசிசி -ஜி -ஓ0 சோதனை.சி -ஓ சோதனை

முதல் ஓ பெரியது, பக்கத்தில் பூஜ்யம். அது ஆப்டிமைசேஷனை அணைக்கிறது. இரண்டாவது ஓ சின்னது. ஜி இல்லாவிட்டால் வரி எண் வராது.

வால்கிரிண்ட் இல்லாமல் ./சோதனை முருகன் என்று ஓட்டுங்கள், பெயரை மட்டும் தமிழ் எழுத்திலேயே தட்டுங்கள். பெயர் அழகாக அச்சாகும், ஒரு குறையும் தெரியாது. 20 பைட் கேட்டோம், 22 பைட் எழுதினோம், ஏன் விழவில்லை? 64-பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மால்லாக் 20 கேட்டால் உண்மையில் 24 பைட் பயன்படும் இடமாகத் தருகிறது. முருகன் அந்த மிச்சத்தில் ஒளிந்துகொள்கிறார். கிருஷ்ணமூர்த்தி 15 குறிகள், 45 பைட், பூஜ்யத்தோடு 46. அவர் 24-ஐத் தாண்டி, மால்லாக் தன் கணக்கை எழுதி வைத்திருக்கும் இடத்தின் மேலேயே எழுதிவிடுகிறார். அதன் விளைவு அந்த வரியில் தெரியாது, அடுத்து யாராவது மால்லாக் கேட்கும்போது வெடிக்கும். அந்த இரண்டு நாளும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெடித்த இடத்தை.

இப்போது:

வால்கிரிண்ட் --லீக்-செக்=ஃபுல் ./சோதனை முருகன்

அறிக்கையின் முதல் புகார் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

==4127== இன்வேலிட் ரைட் ஆஃப் சைஸ் 1
==4127==    அட்: ஸ்ட்ர்காப்பி
==4127==    பை: பிரதி (சோதனை.சி:8)
==4127==    பை: மெயின் (சோதனை.சி:14)
==4127==  அட்ரஸ் இஸ் 0 பைட்ஸ் ஆஃப்டர் எ பிளாக் ஆஃப் சைஸ் 20 அலாக்'ட்
==4127==    அட்: மால்லாக்
==4127==    பை: பிரதி (சோதனை.சி:7)

4127 என்பது புராசஸ் எண். முதல் பாதி, செல்லாத இடத்தில் ஒரு பைட் எழுதினாய் என்கிறது. அடுக்கில் மேலிருந்து கீழாக வாருங்கள்: ஸ்ட்ர்காப்பி நூலகத்துடையது, அதைத் தாண்டி உங்கள் கோப்புப் பெயர் வரும் முதல் வரிதான் முக்கியம், எட்டாவது வரி. இரண்டாம் பாதியைப் பலர் படிப்பதே இல்லை. எனக்கு அதுதான் பொக்கிஷம். 20 பைட் துண்டு முடிந்து 0 பைட் தள்ளி, அதாவது முடிந்த இடத்துக்கு அடுத்த பைட்டிலேயே எழுதினாய், அந்தத் துண்டை ஏழாவது வரியில் வாங்கினாய் என்று சொல்கிறது. குற்றம் நடந்த இடமும், நிலம் வாங்கிய பத்திரமும் ஒரே தாளில்.

அடுத்த புகார் '1 பைட் தள்ளி' என்று வரும். அது சரத்தின் முடிவுப் பூஜ்யம். பிறகு அச்சிடும்போது படித்ததற்கான புகார்கள். எல்லாம் ஒரே தப்பின் பிள்ளைகள், எனவே முதல் புகாரைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பட்டியலின் கடைசியிலிருந்து ஆரம்பிப்பவர்கள் வீணாக அலைவார்கள்.

ஜிலிப்சியின் 24 பைட்டுக்கு ஏமாறாமல் மெம்செக் எப்படிப் பிடித்தது? மால்லாக்கையே தன்னுடையதாக மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் 16 பைட் வேலி போடுகிறது. ஃப்ரீ செய்த துண்டுகளையும் உடனே திருப்பித் தராமல், மொத்தம் 2 கோடி பைட் வரை ஒதுக்கி வைத்திருக்கும். விடுவித்த மெமரியை மறுபடி தொட்டால் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

திருத்தம்: 20-க்குப் பதில் ஸ்ட்ர்லென் தரும் எண்ணோடு ஒன்று கூட்டி வாங்குங்கள். ஸ்ட்ர்லென் எண்ணுவது பைட்டை, நம் எழுத்தை இல்லை. இங்கே நமக்கு வேண்டியதும் பைட்தான்.

கடைசியில் லீக் சுருக்கம், அதாவது திருப்பித் தராமல் விட்ட மெமரியின் கணக்கு, வரும். 'டெஃபினிட்லி லாஸ்ட்' என்றால் அந்த மெமரியைச் சுட்டும் பாயிண்டர் எங்குமே இல்லை, கட்டாயம் திருத்த வேண்டியது. 'இன்டைரக்ட்லி' அதன் வாலைப் பிடித்து வருவது, தலையைத் திருத்தினால் பெரும்பாலும் போய்விடும். 'ஸ்டில் ரீச்சபிள்' என்பதை அவசர நாளில் விட்டுவிடலாம்.

மதிப்பு போடாத மாறி

மெம்செக்கின் இன்னொரு பெரிய புகார், முடிவெடுக்கும் இடம் மதிப்பு போடாத ஒன்றைச் சார்ந்திருக்கிறது என்பது. இது வரும் இடத்தைக் கவனியுங்கள். மதிப்பு போடாத மெமரியை நகலெடுத்தால் மெம்செக் வாய் திறக்காது. ஸ்ட்ரக்டின் உறுப்புகளுக்கு நடுவே காலி பைட்கள் இருக்கும், அவை நகலாவது இயல்பு. இஃப் போன்ற ஒரு கிளையில் முடிவெடுக்கவோ, முகவரியாகவோ, கர்னலுக்கு அனுப்பவோ அது பயன்பட்டால்தான் புகார். எனவே புகார் வரும் வரி, குப்பை பயன்பட்ட வரி. குப்பை பிறந்த வரி எங்கோ மேலே இருக்கும். --ட்ராக்-ஒரிஜின்ஸ்=எஸ் சேர்த்து ஓட்டினால் பிறந்த இடத்தையும் சொல்லும். இன்னும் மெதுவாகும், ஆனால் நான் இதில்லாமல் தேடுவதே இல்லை.

புகார் ஏன் வந்தது என்று புரியாமல் அதை வாயடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி, ரகசியச் சாவிகளை உண்டாக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் டெபியன் பிரதி. 2006-இல் வால்கிரிண்ட் போன்ற கருவிகள் தந்த இந்த வகைப் புகாரை நிறுத்துவதற்காக, டெபியனின் பிரதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. ஒன்றை நீக்கியதில் பெரிய நஷ்டமில்லை. மற்றதுதான் தற்செயல் எண்ணுக்கான விதை முழுவதையும் கலக்கும் வரி. அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கணினியில், ஒரு வகைச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 சாவிகள்தான் சாத்தியம் என்று ஆயிற்று; அத்தனையையும் முன்கூட்டியே உண்டாக்கி வைத்துக்கொண்டு உள்ளே நுழையலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து 2008 மே மாதம் அறிவிப்பு வரும் வரை யாருக்கும் தெரியவில்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உண்டாக்கிய எஸ்எஸ்எச் சாவிகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டி வந்தது.

வால்கிரிண்டில் புகாரை முறையாக அடக்க சப்ரெஷன் கோப்பு இருக்கிறது. --ஜென்-சப்ரெஷன்ஸ்=ஆல் கொடுத்தால் ஒவ்வொரு புகாருக்கும் அடக்கும் துண்டை எழுதித் தரும். அதை ஒரு கோப்பில் ஒட்டி, ஏன் அடக்குகிறோம் என்று மேலே ஒரு கமென்ட் எழுதி, --சப்ரெஷன்ஸ்= மூலம் கொடுக்கலாம். இதில் உங்கள் சோர்ஸ் மாறுவதில்லை. அந்தக் கமென்டை எழுத முடியவில்லை என்றால் புகார் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், அதை அடக்காதீர்கள்.

வழியில் இடறும் சில

ப்ராசசர் கட்டளை தெரியவில்லை என்று சொல்லிப் புரோகிராம் நின்றால், -மார்ச்=நேட்டிவ் போட்டு கம்பைல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டுக் கட்டினால் பெரும்பாலும் ஓடும். உங்கள் புரோகிராம் வேறு புரோகிராம்களைக் கிளப்பினால் --ட்ரேஸ்-சில்ட்ரன்=எஸ் வேண்டும். பைத்தான் எக்ஸ்டென்ஷனைச் சோதிப்பவர்கள் பைத்தான்மால்லாக் என்ற மாறியை (முழுதும் பெரிய எழுத்து) மால்லாக் என்று வைத்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பைத்தானின் சொந்த மெமரி நிர்வாகம் எல்லாவற்றையும் குழப்பும்.

ஸ்டாக்கிலோ குளோபலாகவோ உள்ள அரேயின் எல்லையை நீங்கள் தாண்டினால் மெம்செக் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அதற்கு, கம்பைலரோடு வரும் அட்ரஸ் சானிடைசர்தான் சரி. அது வேகமானது, ஆனால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், மதிப்பு போடாத மாறியைச் சொல்லாது. நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். த்ரெட் மோதலுக்கு ஹெல்கிரிண்ட், எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க கால்கிரிண்ட், மெமரி எப்போது வீங்குகிறது என்று பார்க்க மாசிஃப். எல்லாமே --டூல்= என்று கொடுத்தால் வந்து நிற்கும்.

சொந்தக் கருவி

சோர்ஸிலிருந்து கட்டியதன் உண்மையான ருசி இங்கேதான். சோர்ஸ் அடைவில், 'ஒன்றுமில்லை' என்ற பொருளில் 'நன்' என்று ஓர் உள்ளடைவு இருக்கும். புரோகிராமை மொழிபெயர்த்து ஓட்டுவதைத் தவிர எதுவும் செய்யாத கருவி அது. 'எண்ணி' என்று ஒரு புது அடைவும், அதற்குள் டெஸ்ட்ஸ், டாக்ஸ் என இரண்டும் உண்டாக்குங்கள். நன்னின் மேக்ஃபைல்.ஏஎம் (முதல் எம் பெரிய எழுத்து), என்எல்_மெயின்.சி இரண்டையும் நகலெடுத்து, உள்ளே நன் என்று உள்ள இடமெல்லாம் எண்ணி என்றும், என்எல் என்ற முன்னொட்டைக் கோப்புப் பெயரிலும் சேர்த்து இஎன் என்றும் மாற்றுங்கள். டெஸ்ட்ஸுக்குள் ஒரு காலி மேக்ஃபைல்.ஏஎம். மேலடைவின் மேக்ஃபைல்.ஏஎம்மில் கருவிகள் பட்டியலில் எண்ணியைச் சேருங்கள், கான்ஃபிகர்.ஏசியின் முடிவில் உள்ள கோப்புப் பட்டியலில் எண்ணியின் இரண்டு மேக்ஃபைல்களையும் சேருங்கள். ஆட்டோஜென் முதல் இன்ஸ்டால் வரை மறுபடி ஓட்டுங்கள். வால்கிரிண்ட் --டூல்=எண்ணி எல்எஸ் என்றால் ஒன்றும் செய்யாத உங்கள் கருவி ஓடும்.

இனி அதற்கு வேலை கொடுக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் என்ற ஃபங்ஷனுக்கு ஒவ்வொரு துண்டும் வெக்ஸ் வடிவில் வந்து சேரும். திருப்பி அனுப்பும் துண்டின் தொடக்கத்தில், ஓர் எண்ணை ஒன்று கூட்டும் உங்கள் சிறு ஃபங்ஷனுக்கான அழைப்பைச் செருகுங்கள். முடிவில் ஃபினி என்ற ஃபங்ஷனில் அந்த எண்ணை அச்சிடுங்கள். பழக்கத்தில் சாதாரண பிரிண்ட்எஃப்பை எழுதிவிடாதீர்கள்: கருவிக்குள் சி நூலகம் கிடையாது, வால்கிரிண்ட் தரும் விஜி_ (பெரிய எழுத்து) முன்னொட்டுப் பதிப்பைத்தான் அழைக்க வேண்டும். அழைப்பைச் செருகும் சரியான வரிகளுக்கு லாக்கி அடைவில் உள்ள எல்கே_மெயின்.சியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கற்றுத்தருவதற்காகவே எழுதிய கருவி அது, கமென்ட்களும் தாராளம். எல்எஸ் மாதிரி சின்னக் கட்டளை எத்தனை துண்டுகளை ஓட்டித் தள்ளுகிறது என்று முதல் தடவை திரையில் எண்ணாகப் பார்க்கும்போது, பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.